சிறைக்குள் தொற்றுநோய் பரவும்போது: முதல் நோயாளியிலிருந்து கடைசி நோயாளி வரை செய்ய வேண்டியவை

சிறை மருத்துவப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும் காவலர்கள், பொறுப்பு அதிகாரிகள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். வெளியே ஒருவருக்கு அம்மை வந்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லலாம். சிறையில் நாற்பது பேருக்கு ஒரே அறை, ஒரே குழாய், ஒரே கழிப்பறை. விலகி இரு என்றால் எங்கே விலகுவது? வெளியே செய்கிற அதே வேலைகளைத்தான் உள்ளேயும் செய்கிறோம், ஆனால் வரிசை வேறு.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். நோய் என்று தெரிந்ததும் முதலில் கதவைப் பூட்டுகிறார்கள், அப்புறம் யோசிக்கிறார்கள். பூட்டு விழுந்ததுமே அறிகுறி உள்ளவர்கள் அதை மறைக்கத் தொடங்குகிறார்கள். மறைத்தவரை நாம் கண்டுபிடிப்பதற்குள் பக்கத்தில் படுத்தவர்களுக்கும் வந்திருக்கும். உடம்பு சரியில்லை என்று ஒரு சிறைவாசி தானாக வந்து சொல்ல வேண்டும். கீழே உள்ள வரிசை அதை மனதில் வைத்துப் போட்டது.

1. நோய் வருவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரே ஒரு தாளில், யார் எதை முடிவு செய்வது என்று எழுதி, சிறை நிர்வாகமும் மருத்துவப் பிரிவும் கையெழுத்திட்டு வையுங்கள். யாரைப் பிரிப்பது, எப்போது தனிமையிலிருந்து விடுவிப்பது என்பது மருத்துவ முடிவு. எந்தக் கதவு, எந்தக் காவலர் என்பது நிர்வாக முடிவு. சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2015இல் திருத்தி ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 27ஆவது விதி, மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளர்களே எடுக்க வேண்டும், மற்றவர்கள் அதை மாற்றக் கூடாது என்று சொல்கிறது. நள்ளிரவில் வாக்குவாதம் வரும்போது இந்தத் தாள்தான் உதவும்.

இரண்டாவது, வரைபடம். ஒவ்வொரு பிளாக்கிலும் எத்தனை அறை, எத்தனை படுக்கை, குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, எந்த ஜன்னல் திறக்கும், எது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கிறது என்று நீங்களே நடந்து பார்த்து வரையுங்கள். அலுவலகத்தில் இருக்கும் கட்டட வரைபடத்தை நம்ப வேண்டாம். அதில் இருக்கும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அது சொல்லாது.

மூன்றாவது, மூன்று இடங்கள்: நோய் உறுதியானவர்களுக்கு ஒன்று, சந்தேகத்தில் உள்ளவர்களுக்கு ஒன்று, நோயாளியோடு இருந்தும் இன்னும் நலமாக இருப்பவர்களுக்கு ஒன்று. இந்த இடங்களை அமைதியான நாளிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். நோய் வந்த அன்று தேடினால் காலியாக இருப்பது தண்டனைக் கொட்டடி மட்டும்தான். அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்றால் ஆறாவது படியில் சொல்லப்போகும் எல்லாம் பாழாகிவிடும்.

நான்காவது, இருப்பு. சோப்பு, ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரை) பொட்டலங்கள், சாதாரண முகக்கவசம், ஊழியர்களுக்கு என்95 முகக்கவசம், கையுறை, வெப்பமானி, ப்ளீச், சிரங்குக்கான மருந்து, சளி மாதிரி எடுக்கும் டப்பாக்கள். சோப்பை முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. பல சிறைகளில் சோப்பைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்து பணம் வராதவரிடம் சோப்பு இருக்காது. நாற்பது பேரில் ஐந்து பேர் கை கழுவாவிட்டாலும் வாந்திபேதி நாற்பது பேரையும் சுற்றிவரும். சோப்பு இலவசமாகக் கிடைக்க ஏற்பாடு செய்வது மருத்துவப் பிரிவின் வேலைதான்.

கடைசியாக, ஊழியர்களின் தடுப்பூசிப் பதிவு. யாருக்குச் சின்னம்மை ஏற்கெனவே வந்திருக்கிறது, யார் தட்டம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறார் என்று தெரிந்தால்தான் அந்த நாளில் யாரை எந்த வாசலில் நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும்.

2. நுழைவாயிலில் பரிசோதனை

உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அறை ஒதுக்குவதற்கு முன் ஒரு மருத்துவப் பணியாளர் பார்க்க வேண்டும். ஒதுக்கிய பிறகு பார்த்தால், நோய் இருந்தால் அவரோடு ஒரு இரவு படுத்தவர்கள் எல்லாரும் தொடர்பில் இருந்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

கேட்க வேண்டியவை: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, தோலில் தடிப்பு அல்லது கொப்புளம், இரவில் அதிகமாகும் அரிப்பு, வயிற்றுப்போக்கு. அதோடு, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது. காசநோய், எச்.ஐ.வி., நீரிழிவு மருந்துகள் கைதான நாளிலேயே நின்றுபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இங்கே செய்யும் தவறு, மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்து, பக்கத்தில் காவலர் நிற்க, "ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்பது. எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஒரு திரையாவது வேண்டும். காவலர் பார்வை படும் தூரத்தில் நிற்கலாம், காதில் விழும் தூரத்தில் நிற்கக் கூடாது.

புதிதாக வந்தவர்களைச் சில நாள் தனிப் பிரிவில் வைக்கும் ஏற்பாடு பல சிறைகளில் உண்டு. அதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. திங்கள் வந்தவர்கள் இருக்கும் அறையிலேயே வியாழன் வந்தவரையும் சேர்த்தால், திங்கள் வந்தவர்களுக்கும் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த இரண்டு நாளில் வந்தவர்களை ஒரு குழுவாக வைத்து, அந்த அறைக்குள் புதியவரைச் சேர்க்காதீர்கள். இடம் இல்லை என்றால் குழுவைச் சிறிதாக்குங்கள்.

3. முதல் அறிகுறியைத் தவறவிடாமல் இருப்பது

தினமும் மருத்துவப் பிரிவுக்கு வருகிறவர்களை அறிகுறி வாரியாக, பிளாக் வாரியாக ஒரு நோட்டில் எண்ணி எழுதுங்கள். காய்ச்சல், இருமல், பேதி, தோல் என்று நான்கு கட்டம் போதும். ஒரே பிளாக்கில் சில நாட்களுக்குள் ஒரே மாதிரி அறிகுறியோடு இரண்டு பேர் வந்தால் எழுந்து போய்ப் பாருங்கள். தட்டம்மை, காலரா, மூளைக்காய்ச்சல், நெஞ்சுச் சளியில் உறுதியான காசநோய் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு ஆள் போதும், உடனே வேலையைத் தொடங்க வேண்டும்.

நோட்டில் வராததும் நிறைய உண்டு. காய்ச்சல் மாத்திரை எந்தப் பிளாக்கில் வேகமாகத் தீர்கிறது? எந்த அறையில் சாப்பாடு மிஞ்சுகிறது? கழிப்பறை சுத்தம் செய்கிற சிறைவாசியிடம் கேளுங்கள். மருத்துவருக்குத் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

யார் மருத்துவரைப் பார்க்கலாம் என்று காவலர் முடிவு செய்யும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். நடிக்கிறான் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் ஒருவர் உண்மையான முதல் நோயாளியாக இருப்பார்.

4. பட்டியல் போடுவது

மருந்து கொடுக்கும் அவசரத்தில் இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஒரு பெரிய தாளில் ஒரு நோயாளிக்கு ஒரு வரி: சிறை எண், வயது, பிளாக், அறை, படுக்கை, அறிகுறி, நோய் தொடங்கிய நாள், உள்ளே என்ன வேலை செய்கிறார், கடந்த மூன்று வாரத்தில் நீதிமன்றம், மருத்துவமனை, வேறு சிறை என்று எங்காவது போய்வந்தாரா, தடுப்பூசி விவரம், பரிசோதனை முடிவு. இது பூட்டி வைக்க வேண்டிய தாள். யாருக்கு என்ன நோய் என்பது பிளாக்கில் பேச்சாகிவிட்டால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார்.

யாரைப் பட்டியலில் சேர்ப்பது என்பதற்கு ஒரு வரி விதி வையுங்கள். உதாரணத்துக்கு, "இந்த மாதம் 1ஆம் தேதிக்குப் பிறகு, ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணியாகப் பேதி போன எவரும்." தொடக்கத்தில் விதி தளர்வாகவே இருக்கட்டும். பிறகு பரிசோதனை முடிவு வர வர இறுக்கிக்கொள்ளலாம். முதலிலேயே இறுக்கினால் லேசான நோயாளிகள் விட்டுப்போவார்கள், அவர்களும் பரப்பிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மிகப் பெரிய பிழை, நோய் தொடங்கிய நாளுக்குப் பதிலாக மருத்துவரிடம் வந்த நாளை எழுதுவது. மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார் என்றால், உங்கள் பட்டியலில் அந்த இரண்டு நாளில் மட்டும் நோய் வந்ததுபோலத் தெரியும். "எப்போ முதல்ல முடியாமப் போச்சு? அன்னைக்கு வேற என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் சரியான தேதி கிடைக்கும்.

பிறகு கட்டம் போட்ட தாளில் நாள் வாரியாக ஒரு ஆளுக்கு ஒரு கட்டம் நிரப்புங்கள். ஒரே நாளில் சட்டென்று உயர்ந்து இறங்கினால் சாப்பாடு, தண்ணீர் போன்ற பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். படிப்படியாக, இடைவெளி விட்டு உயர்ந்தால் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது. அதே நேரத்தில் வரைபடத்திலும் நோயாளி படுக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். ஒருமுறை நாங்கள் மூன்று நாளாகச் சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தோம். புள்ளி வைத்துப் பார்த்தபோது எல்லாரும் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்தும் இரண்டு அறைகளில் இருந்தார்கள். அந்த மூன்று நாளை அரை மணி நேர வேலை மிச்சப்படுத்தியிருக்கும்.

5. எந்த வழியாகப் பரவுகிறது என்று முடிவு செய்வது

நோயின் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். வழி தெரிந்தால் போதும், தடுக்கத் தொடங்கலாம். காற்றில் பரவுவது (காசநோய், தட்டம்மை, சின்னம்மை), அருகில் இருமும்போது தெறிப்பது (பொன்னுக்கு வீங்கி எனப்படும் புட்டாலம்மை, மூளைக்காய்ச்சல்), கையிலிருந்து வாய்க்குப் போவது (வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஏ வகை), தோலோடு தோல் படுவது (சிரங்கு), ரத்தத்தில் போவது (மஞ்சள் காமாலை பி, சி வகைகள், எச்.ஐ.வி.). இன்புளூயன்சா, கோவிட் இரண்டும் அருகில் தெறித்தும் போகும், மூடிய அறைக் காற்றிலும் போகும். சந்தேகம் என்றால் கடுமையான வழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்குவதற்கு முன், புதிதாக நோய் வந்த சிலரிடமிருந்து மாதிரி எடுத்துவிடுங்கள். முதல் ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்த மாதிரி பல சமயம் எதையும் காட்டாது. அதே நாளில் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சிறைக்குள் நடந்தது வெளியே தெரிய வேண்டாம் என்று இரண்டு வாரம் மூடி வைத்ததால் மாதக்கணக்கில் நீண்ட பரவலைப் பார்த்திருக்கிறேன்.

6. பிரித்து வைப்பது

முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது.

மூன்று குழுக்களையும் தனித்தனியாகப் பிரியுங்கள். சந்தேகத்தில் உள்ளவரை உறுதியானவர்களோடு சேர்க்காதீர்கள். சாதாரண இருமலோடு வந்தவரைக் காசநோய் அறையில் படுக்க வைத்தால் நாமே அவருக்கு நோயைக் கொடுத்தவர்கள் ஆவோம். உறுதியானவர்களை ஒரே நோய் என்றால் சேர்த்து வைக்கலாம். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவரை மற்றக் காசநோயாளிகளோடு சேர்க்கக் கூடாது.

இடமே இல்லை என்றால்? பெரும்பாலான சிறைகளில் இதுதான் நிலைமை. அப்போது நோய் வந்த அறை முழுவதையும் ஒரு அலகாக எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியை வெளியே எடுத்துவிட்டு, மீதிப் பேர் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகக் குளித்து, மற்ற அறைகளோடு கலக்காமல் இருக்கட்டும். ஒருவர் தலை மற்றவர் கால் பக்கம் வருமாறு மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். அறையில் உள்ளவர்களை நாலாபக்கமும் பிரித்து அனுப்புவதுதான் மிகக் கெட்ட வழி. ஒரு அறையில் இருந்த நோய் ஐந்து அறைக்குப் போய்விடும்.

இப்போது அந்த முக்கியமான வேறுபாடு. மருத்துவத் தனிமை தண்டனைத் தனிமை அல்ல. மண்டேலா விதிகளின் 44ஆவது விதி, ஒரு நாளில் 22 மணி நேரம் அல்லது அதற்கு மேல் பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பதைத் தனிமைச் சிறை என்கிறது. அது 15 நாளைத் தாண்டினால் நீண்ட தனிமைச் சிறை, 43ஆவது விதி அதைத் தடை செய்கிறது. நோயாளியை ஒரு கொட்டடியில் போட்டுப் பூட்டி, உணவைக் கதவுக்கடியில் தள்ளினால், பெயர் என்னவாக இருந்தாலும் அவருக்கு அது தண்டனைதான்.

அதனால், முதல் நோயாளியை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்பே அங்கே இவை இருக்க வேண்டும்: சுத்தமான படுக்கை, ஓடும் தண்ணீர், கழிப்பறை, வீட்டுக்குப் பேச தொலைபேசி, படிக்க ஏதாவது, அழைப்பு மணி அல்லது கூப்பிட்டால் வருகிற ஆள். மற்றவர்களிடம் கலக்காமல் தினமும் திறந்த வெளியில் நடக்க நேரம். தினமும் மருத்துவப் பணியாளர் உள்ளே போய்ப் பார்ப்பது, வாசலில் நின்று கேட்பது அல்ல. அவருடைய உடைமைகள், முன்பிருந்த படுக்கை, வேலை ஆகியவை திரும்பி வரும்போது அப்படியே இருக்கும் என்ற உறுதி. வேலைக்குக் கூலி உண்டு என்றால் அதுவும் நிற்கக் கூடாது. கூலி நின்றுபோகும் என்றால் காய்ச்சலோடு வேலைக்குப் போவார்கள், அதுவும் சமையலறைக்கு.

கூடவே ஒரு தாளில் தேதி எழுதிக் கொடுங்கள்: எதற்காக இங்கே இருக்கிறீர்கள், எது நடந்தால் வெளியே வருவீர்கள், உத்தேசமாக எந்த நாள். ஒரு சிறையில் தோல் நோய் என்று யாரும் வரவேயில்லை, ஆனால் எல்லாரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். தனிப் பிரிவுக்குப் போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது, கூட்டாளிகளை இழந்துவிடுவோம் என்பதுதான் பயம். தேதி எழுதிக் கொடுக்கத் தொடங்கிய அந்த வாரமே வரிசை நீண்டது.

தற்கொலை எண்ணம் உள்ளவர், கடும் மனநலப் பிரச்சினை உள்ளவர், போதை நிறுத்தத்தின் நடுக்கத்தில் இருப்பவர் ஆகியோரைத் தனி அறையில் யாரும் பார்க்காமல் விடாதீர்கள். தொற்றைத் தடுக்கப்போய் உயிரை இழக்கக் கூடாது.

தனிமையிலிருந்து எப்போது விடுவிப்பது? சின்னம்மை: எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டும்வரை. தட்டம்மை: தடிப்பு வந்ததிலிருந்து 4 நாள். புட்டாலம்மை: வீக்கம் வந்ததிலிருந்து 5 நாள். நோரோ வைரஸ் வாந்திபேதி: கடைசி வாந்தி அல்லது பேதிக்குப் பிறகு 48 மணி நேரம். சாதாரணச் சிரங்கு: முதல் சிகிச்சை முடிந்த மறுநாள். காசநோய்க்கு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மருந்து வேலை செய்கிற நோயாளியில் பரப்பும் தன்மை சில வாரங்களில் வெகுவாகக் குறைந்துவிடும்.

7. இடமாற்றத்தை நிறுத்துவது

பிளாக்குக்குப் பிளாக், சிறைக்குச் சிறை இடமாற்றத்தை அதே நாளில் நிறுத்துங்கள். கூட்டத்தைக் குறைக்கலாம் என்று நல்ல எண்ணத்தோடு செய்யும் இடமாற்றம்தான் பெரிய ஆபத்து. 2020 மே மாத இறுதியில் கலிபோர்னியாவில், நோய் பரவிக்கொண்டிருந்த ஒரு சிறையிலிருந்து நோய் எளிதில் தாக்கக்கூடியவர்களைக் காப்பாற்ற 122 பேரை சான் குவென்டின் சிறைக்கு மாற்றினார்கள். அதுவரை அங்கே சிறைவாசிகளிடம் கோவிட் தென்படவில்லை. மாற்றப்பட்டவர்களில் பலருக்குப் பரிசோதனை நடந்து வாரங்கள் ஆகியிருந்தன. அதன்பின் அந்தச் சிறையில் 2,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று, 28 சிறைவாசிகளும் ஒரு ஊழியரும் இறந்தார்கள்.

அனுப்பியே ஆக வேண்டும் என்றால் புறப்படுவதற்குச் சற்று முன் பரிசோதனை, வண்டியில் இடைவெளி, திறந்த ஜன்னல், சேரும் இடத்தில் தனிப் பிரிவு. நீதிமன்றத் தேதி இருப்பவர்களுக்குக் காணொளி வழி கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் நீதிமன்றத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள். நோயைக் காரணம் காட்டி ஒருவருடைய வழக்கு சத்தமில்லாமல் தள்ளிப்போகக் கூடாது.

8. ஊழியர்கள்

சிறைவாசி வெளியே போவதில்லை, ஊழியர்தான் தினமும் போய் வருகிறார். வேலை தொடங்கும் முன் அவர்களிடமும் அறிகுறி கேளுங்கள். உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களும் மறைப்பார்கள். ஒருவருக்கு ஒரு பிளாக் என்று நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் சுற்றும் வரிசையையாவது ஒழுங்கு செய்யுங்கள்: முதலில் நோயில்லாத பிளாக், பிறகு தொடர்பில் இருந்தவர்கள், பிறகு சந்தேகத்தில் உள்ளவர்கள், கடைசியில் நோயாளிகள். மருந்து வண்டிக்கும் சாப்பாட்டு வண்டிக்கும் இதே வரிசைதான். சாவிக்கொத்து, கைவிலங்கு, வாக்கி டாக்கி மூன்றும் கை மாறும்போது துடைக்க வேண்டும். யாருக்கும் நினைவு வராதவை இவை.

9. தண்ணீர், ப்ளீச், காற்று

ப்ளீச் கரைசலைக் கண்ணளவில் கலக்காதீர்கள். 5 விழுக்காடு குளோரின் உள்ள திரவ ப்ளீச் என்றால், ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 விழுக்காடு கிடைக்கும். தரை, கைப்பிடி, படுக்கைச் சட்டத்துக்கு இது. ஒரு பங்குக்கு 9 பங்கு என்றால் 0.5 விழுக்காடு. ரத்தம், வாந்தி, மலம் பட்ட இடத்துக்கு இது. 35 விழுக்காடு ப்ளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்குச் சுமார் 3 கிராம், 15 கிராம். முதலில் அழுக்கைத் துடைத்து எடுத்துவிட்டு அப்புறம்தான் ப்ளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் அதன் வலிமை அங்கேயே தீர்ந்துவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு சேர்த்தால் நச்சு வாயு வரும், மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும்.

சுத்தம் செய்வது பெரும்பாலும் சிறைவாசிகள்தான். அவர்களுக்குக் கையுறை, பயிற்சி, உரிய கூலி வேண்டும். அம்மைப் பிரிவுக்கு ஏற்கெனவே அதே அம்மை வந்தவரையோ அதற்குத் தடுப்பூசி போட்டவரையோ மட்டும் அனுப்புங்கள்.

ஆல்கஹால் சானிடைசர் நோரோ வைரஸிடம் சரியாக வேலை செய்யாது. சிறையில் அதைக் குடிப்பதும் கொளுத்துவதும் நடக்கும். சோப்பும் தண்ணீரும்தான் வழி. தண்ணீர் வரும் நேரம் குறைவு என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைச் சரி செய்யச் சொல்லி எழுதுங்கள்.

காற்றுக்கு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். குளிருக்கும் கொசுவுக்கும் துணியால் அடைத்திருப்பார்கள். அவிழ்க்கச் சொல்வதற்கு முன் போர்வையும் கொசுவலையும் கொடுங்கள்.

10. நோய் வாரியாகத் தடுக்கும் இடங்கள்

சிரங்கு. உயிரை எடுக்காது என்பதால் அலட்சியமாக விடப்படுவது, ஆனால் சிறைவாசிகள் அதிகம் அவதிப்படுவது இதனால்தான். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் வரை ஆகலாம். அதற்குள் அவர் பலருக்குக் கொடுத்திருப்பார். அதனால் சொறிகிறவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் நோய் அறையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நாளில் சிகிச்சை வேண்டும்.

5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரலிடுக்கு, நகத்தடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்து, பிறகு குளிக்க வேண்டும். இரவில் தடவி காலையில் குளிப்பது சுலபம். கையைக் கழுவினால் கையில் மட்டும் மறுபடி தடவ வேண்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாவது முறை. நிறையப் பேர் என்றால் மருத்துவர் ஐவர்மெக்டின் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கலாம், எடைக்கேற்ப, ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை. கர்ப்பிணிகளுக்கு அதைத் தவிர்த்துக் களிம்பையே பயன்படுத்துவது வழக்கம்.

குளித்து வரும் நேரத்தில் துணி, போர்வை எல்லாம் மாறியிருக்க வேண்டும். மனித உடலை விட்டு விலகினால் சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி 2, 3 நாளுக்கு மேல் தாங்காது. அதனால் துவைக்க வெந்நீர் இல்லாதவற்றை நெகிழிப் பையில் கட்டிக் குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம் வையுங்கள். இரவில் மருந்து, காலையில் குளியல், துணி மாற்றம் மூன்றும் அடுத்தடுத்து நடக்காவிட்டால் சிகிச்சையை ஒருநாள் தள்ளிப் போடுவதே மேல். சிகிச்சைக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மருந்து பலிக்கவில்லை என்று நம்பிக்கை போய்விடும்.

காசநோய். சளி மாதிரியைத் திறந்த வெளியில் எடுங்கள், அறையிலோ கழிப்பறையிலோ அல்ல. நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், ஊழியருக்கு என்95. மருந்தைச் செவிலியர்தான் நேரில் கொடுக்க வேண்டும். காவலர் வழியாகவோ நம்பிக்கையான சிறைவாசி வழியாகவோ போகும் மாத்திரை, பீடிக்கும் சோப்புக்கும் கை மாறும். தொடர்பில் இருந்தவர்களைப் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

வாந்திபேதி. முதல் வேலை நீர்ச்சத்து. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அறைக்குள்ளேயே, குடிநீரோடு கொடுங்கள், மருத்துவப் பிரிவுக்கு நடந்து வா என்று சொல்லாதீர்கள். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சமையலறையில் வேலை செய்கிறவர்களில் அறிகுறி உள்ளவரை உடனே நிறுத்துங்கள், மேலே சொன்னதுபோலக் கூலியோடு.

சின்னம்மை, தட்டம்மை. தொடர்பில் இருந்தவர்களில் கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் யார் என்று முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும். அவர்களுக்கு இந்தத் தடுப்பூசிகள் பொதுவாகப் போடுவதில்லை, வேறு வழியை மருத்துவமனையில் கேட்க வேண்டும். மற்றவர்களுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள், சின்னம்மைத் தடுப்பூசியை 3 முதல் 5 நாளுக்குள் போட்டால் பலன் உண்டு.

மூளைக்காய்ச்சலில் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் வகை என்று சந்தேகம் வந்தாலே நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, நெருங்கி இருந்தவர்களுக்குத் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை 24 மணி நேரத்துக்குள் கொடுக்கப் பாருங்கள்.

11. சொல்வது

பூட்டுவதற்கு முன் சொல்லுங்கள். என்ன நோய், எப்படிப் பரவுகிறது, எது எத்தனை நாள் நிற்கும், எது நிற்காது. 2020 மார்ச்சில் இத்தாலியில் கோவிட் காரணமாகக் குடும்பத்தினர் சந்திப்பை நிறுத்தியபோது இருபதுக்கும் மேற்பட்ட சிறைகளில் கலவரம் வெடித்தது, 13 சிறைவாசிகள் இறந்தார்கள். சந்திப்பை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதே அறிவிப்பில் கூடுதல் தொலைபேசி நேரம், காணொளி அழைப்பு இரண்டும் இருக்க வேண்டும், காசில்லாமல்.

ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லி முடிக்காதீர்கள். ஒவ்வொரு அறையிலும் மற்றவர்கள் மதிக்கும் ஒருவர் இருப்பார். அவரை உட்காரவைத்து விளக்குங்கள், கேள்வி கேட்க விடுங்கள். படிக்கத் தெரியாதவர்களும் வேற்று மொழிக்காரர்களும் அவர் வழியாகத்தான் புரிந்துகொள்வார்கள். நோயாளியின் குடும்பத்துக்கு, அவர் சம்மதத்தோடு, அதே நாளில் தகவல் போக வேண்டும்.

12. சிகிச்சை நடுவில் விடுதலையானால்

காசநோய் சிகிச்சை மாதக்கணக்கில் நடப்பது. ஜாமீன் எந்த மாலையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சிகிச்சை தொடங்கிய நாளிலேயே அவர் போகப்போகும் ஊரின் சுகாதார நிலையம் எது என்று கேட்டு எழுதி, ஒரு கடிதமும் குறைந்தது இரண்டு வார மாத்திரையும் உறையில் போட்டு, பெயர் எழுதி, விடுதலைப் பிரிவில் வைத்துவிடுங்கள். மருத்துவப் பிரிவு பூட்டியிருக்கும் நேரத்திலும் அந்த உறை அவர் கைக்குப் போக வேண்டும். மறுநாள் அந்தச் சுகாதார நிலையத்துக்கு நீங்களே பேசுங்கள்.

13. முடிந்தது என்று எப்போது சொல்லலாம்

கடைசி நோயாளிக்கு நோய் தொடங்கிய நாளிலிருந்து, அந்த நோயின் மிக நீண்ட அடைகாலத்தைப்போல (தொற்றிய நாளிலிருந்து அறிகுறி தெரியும்வரை உள்ள காலம்) இரண்டு மடங்கு நாள் புதிதாக யாருக்கும் வராமல் இருக்க வேண்டும். சின்னம்மையின் அடைகாலம் 10 முதல் 21 நாள், எனவே 42 நாள். ஒரு மடங்கோடு நிறுத்தினால், யாரும் கவனிக்காத ஒரு லேசான நோயாளி நடுவில் இருந்தால் அவரிடமிருந்து மறுபடி தொடங்கும்.

கட்டுப்பாடுகளை எல்லாம் அந்த நாள்வரை இழுக்க வேண்டாம். நோயே வராத பிளாக்குகளில் சந்திப்பு, நடை, வகுப்பு ஆகியவற்றை முன்பே திறங்கள். திறக்கும் தேதியை எழுதி ஒட்டுங்கள், ஒட்டிய தேதியில் திறங்கள். தேதி தள்ளிப்போனால் காரணத்தை அதே தாளில் எழுதுங்கள்.

முடிந்த வாரத்திலேயே, எல்லாருக்கும் நினைவிருக்கும்போது, காவலர்களையும் நோயுற்றிருந்த சிறைவாசிகள் இரண்டு மூன்று பேரையும் சேர்த்து உட்கார்ந்து, எந்த நாளில் எது தாமதமானது என்று பட்டியலைப் பார்த்துக் குறியுங்கள். தீர்ந்துபோன சோப்பு, ஓ.ஆர்.எஸ்., களிம்புக்கு அன்றே தேவைப் பட்டியல் எழுதுங்கள். புள்ளி வைத்த வரைபடத்தைக் கிழிக்காமல், புதிய வெற்று வரைபடம் ஒன்றோடு சேர்த்து அதே அலமாரியில் வையுங்கள்.